மைக்ரோடெர்மாபிரேஷன்: வன்னி வெயிலில் வாழும் முகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அழகுக்கலை நிலையத்தின் பட்டியலில் ‘டயமண்ட் பொலிஷிங்’, ‘ஸ்கின் பொலிஷிங்’, ‘கிறிஸ்டல் பீல்’ என்று எந்தப் பெயரில் இருந்தாலும், உறிஞ்சும் மெஷினோடு சேர்ந்த சொரசொரப்பான முனை ஒன்று முகத்தில் ஓடினால் அது மைக்ரோடெர்மாபிரேஷன்தான். தோலின் ஆக மேலே கிடக்கும் இறந்த கலங்களின் படையை மெல்லச் சுரண்டி, சுரண்டியதை உடனே உறிஞ்சி எடுப்பது அதன் வேலை. முகத்தில் அந்தப் படை ஏறக்குறைய 0.01 முதல் 0.02 மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதற்குக் கீழே போனால் அது மெருகு அல்ல, காயம்.

இந்த முறை 1985இல் இத்தாலியில் உருவானது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் டெர்மாபிரேஷன் என்பதோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். டெர்மாபிரேஷன் தோலின் உட்படை வரை தேய்ப்பது. விறைக்க வைத்து வைத்தியர் செய்வது. ஆற வாரக்கணக்கில் எடுக்கும். இங்கே நாம் பேசுவதற்கு ஊசியும் இல்லை, இரத்தமும் இல்லை. இரத்தம் கண்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

முகம் மங்கிப்போய்ச் சொரசொரப்பாக இருப்பது, மூக்கிலும் நாடியிலும் அடைபட்ட கரும்புள்ளிகள், மேலோட்டமான கருமை, கண்ணோரத்து மெல்லிய கோடுகள் என்று இவ்வளவுக்கும் ஓரளவு பலன் உண்டு. கிறீம் பூசினால் வடிவாக இறங்கும், மேக்கப் திட்டுத்திட்டாக நிற்காது. அந்தப் பலனும் நிரந்தரமல்ல. தோல் தன்னைப் புதுப்பிக்க இளவயதில் சுமார் 4 கிழமை எடுக்கும், வயது போகப் போக இன்னும் கூடும். புதுப்படை வந்து பழையபடி சேர்ந்ததும் முகமும் பழையபடிதான்.

கன்னத்தில் வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல் படரும் மங்கு இதனால் போகாது. அதன் நிறம் பலருக்கு ஆழத்தில் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்கச் சூடேறிக் கூடக் கறுக்கும். குழிவிழுந்த பருத்தழும்பு, மச்சம், பாலுண்ணி, தேமல் ஆகியவற்றுக்கும் இது மருந்தல்ல. தேமல் ஒரு பூஞ்சை. அதற்குப் பூஞ்சைக் கிறீம் வேண்டும். நிறத்தை வெள்ளையாக்கும் என்று யாராவது சொன்னால் அந்தப் படியோடு திரும்பிவிடலாம். பிறவி நிறத்தைத் தரும் கலங்கள் இந்த மெஷின் எட்டாத ஆழத்தில் இருக்கின்றன.

மெஷின் வகைகள்

டயமண்ட் டிப் வகையில் உருக்கு முனையில் மிக நுண்ணிய வைரத்தூள் பதித்திருக்கும், நடுவில் உறிஞ்சும் துளை. முனைகளுக்கு 100, 150, 200 என்பதுபோல் இலக்கமிட்டிருப்பார்கள். இலக்கம் குறையக் குறைய முனை கரடு. நம்முடைய மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் முதல் தடவை நுண்ணிய முனையே போதும். கன்னத்துக்கு எதைப் போடுகிறார்கள் என்று கேட்டு, முனையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கிறிஸ்டல் வகை பழையது. அலுமினியம் ஒக்சைட்டுத் தூளை வேகமாக அடித்து, அடித்த தூளை மற்றத் துளையால் உறிஞ்சும். வேலை செய்யும், ஆனால் தூள் கண்ணுக்குள் போனால் கருவிழி உராயும், மூச்சோடும் போகும். பாவித்த தூளை மறுபடி போடக்கூடாது. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய முடிந்தால் டயமண்ட் டிப் மேல். தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும் ‘ஹைட்ரா’ வகை இன்னும் மென்மை. காய்ந்து வெடிக்கும் தோலுக்கு அது பொருந்தும்.

முகத்தில் வைக்கும் முன் பார்க்கவேண்டியவை

இந்த வேலையில் பாதிக்கும் மேல் இங்கேதான் தீர்மானமாகிறது. மெஷினை ஓட்டுவது பழகிக்கொள்ளக்கூடியது. யாருக்கு ஓட்டக்கூடாது என்று அறிவதுதான் கஷ்டம். வன்னியில் இதற்கென்றே சில காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஆறாத புள்ளி. மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியாசிஸ் உலர்வலயத்தில் இருக்கும் நோய். இலங்கையில் 2008 முதல் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்று. முகத்திலோ கையிலோ சிறு பருவாகத் தொடங்கும். நோகாது, அரிக்காது. மெல்லப் பெருத்து நடுவில் புண்ணாகும். பருவென்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். நோவில்லாத ஒரு பரு 4 கிழமைக்கு மேல் அதே இடத்தில் நின்றால் அதன்மேல் எந்த மெஷினும் வேண்டாம். அரசாங்க வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் சிறிது சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இருந்தால் அந்த இடத்திலேயே ஊசி போட்டோ குளிரூட்டியோ குணமாக்குவார்கள்.

இரண்டாவது, வெளிறிய படை. முகத்தில் வெளிறிய திட்டு இருந்தால் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டிலும் பக்கத்துத் தோலிலும் மாறி மாறித் தொடுங்கள். திட்டில் மட்டும் தொடுகை தெரியாவிட்டால் தொழுநோயா என்று பார்க்கவேண்டும். மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் முடியும், ஒளிக்க எதுவுமில்லை. தொடுகை தெரிந்து, திட்டு பால்வெள்ளையாக இருந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம். வெண்புள்ளி, சொரியாசிஸ், லைக்கன் பிளானஸ் ஆகிய தோல் நோய்கள் உள்ளவர்களுக்குத் தோலை உராய்ந்த இடத்திலேயே புதிய திட்டு எழும்பும். ஆகவே இவர்களுக்கு இது கூடாது.

மூன்றாவது, வெள்ளையாக்கும் கிறீம். பெட்டியில் முகவரியோ உள்ளடக்கமோ இல்லாத கிறீம்களிலும், கடையில் ‘கலந்து’ தரும் டப்பாக்களிலும் குளோபெட்டசோல், பெட்டாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் இருப்பதுண்டு, சிலவற்றில் பாதரசம். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை நிறுத்தும்படி, பாதரசம் பற்றிய சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை அதில் சேர்ந்த நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் சந்தைக்கு வருகின்றன. ஸ்டீரொயிட் பூசிய தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிய நிற்கும். வெயில் பட்டால் எரியும். கிறீமை ஒருநாள் விட்டால் சிவந்து பரு கொட்டும். இந்த மூன்று அடையாளத்தில் ஒன்றிருந்தாலும் முனையை வைக்கவேண்டாம். அந்த மெலிந்த தோல் இலேசான உராய்விலேயே கிழியும். கிறீமைச் சடுதியாக நிறுத்தாமல் தோல் வைத்தியரிடம் காட்டிப் படிப்படியாக நிறுத்தவேண்டும். வாடிக்கையாளரிடம் ‘கிறீம் போடுறீங்களா?’ என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதுதான் வழி.

மற்றவை சுருக்கமாக: சீழ்வைத்த பரு, முகம் சிவந்தே நிற்கும் ரோசேஷியா, உதட்டோரத்து அக்கிக் கொப்புளம், பரவும் மரு, வெயிலில் வெந்த தோல், திறந்த புண் இருக்கும்போது வேண்டாம். அக்கி அடிக்கடி வருபவர் முன்கூட்டியே வைத்தியரிடம் வைரஸ் தடுப்பு மாத்திரை கேட்கலாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குளிசை எடுத்தவர்களை நிறுத்திய பின் 6 மாதம் பொறுக்கச் சொல்வது வழமை. அதற்கு முன் செய்ய விரும்பினால் குளிசை எழுதிய வைத்தியரே முடிவு சொல்லவேண்டும். இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்பரின், அஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இலேசில் இரத்தம் கண்டிப்போகும். அதற்காக மருந்தைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. சீனி கட்டுப்படாதவர்களுக்குப் புண் ஆறப் பிந்தும். கர்ப்பிணிகளுக்கு மங்கு கிளம்பும் காலம் அது, குழந்தை பிறந்த பின் பார்த்துக்கொள்ளலாம். சாமத்தியவீட்டுக்காக 12, 13 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். அந்த வயதுத் தோலில் சுரண்ட எதுவுமில்லை.

எறிகணைச் செல் துண்டுத் தழும்புகள் பற்றி

‘இந்தத் தழும்பு போகுமா?’ என்ற கேள்வி இங்கே அடிக்கடி வரும், அதற்கு நேரான பதில் வேண்டும். செல் துண்டு வெட்டிய தழும்பும் எரிகாயத் தழும்பும் தோலின் உட்படை வரை போனவை. மேற்படையில் 0.02 மில்லிமீற்றர் சுரண்டுவதால் அவை மாறா. தழும்பு தடித்து, சிவந்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால் அந்த உடம்பு புதுக் காயத்துக்கும் அப்படியே வளர்க்கும், ஆகவே கூடாது. துண்டு இன்னும் தோலுக்குள்ளே கிடக்கிறது என்றால் அந்த இடத்துக்கு மேலே உறிஞ்சுவதும் கூடாது. கையால் தடவும்போது கட்டியாகவோ கூராகவோ தட்டுப்பட்டால் முதலில் எக்ஸ்ரே. தடித்த தழும்புக்கு ஸ்டீரொயிட் ஊசியும் சிலிக்கோன் தகடும் உண்டு, இழுபட்டுச் சுருங்கிய தழும்புக்குப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை உண்டு. காசை அங்கே செலவழிக்கலாம். தழும்பைச் சுற்றியுள்ள நல்ல தோலுக்கு மட்டும் மெருகு வேண்டுமென்றால், தழும்பின் ஓரத்திலிருந்து 1 சென்றிமீற்றர் விட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

நிலையத்தில் என்ன பார்ப்பது

முனையை எப்படிக் கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். ‘ஸ்பிரிட்டால் துடைப்போம்’ என்பது போதாத பதில். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தத்தாலும் ஹெப்படைட்டிஸ் பி, சி பரவும். சரியான ஒழுங்கு இது: முனையைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் சிறு தூரிகையால் துளை வரை தேய்த்து, கழுவி, பின் நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் ஒட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். அழுக்கோடு வைத்தால் கிருமி சாகாது, ஆகவே தேய்ப்பதுதான் முதல் வேலை. கைபிடிக்குள் இருக்கும் பஞ்சு வடிகட்டி ஆளுக்கு ஒன்று. உங்கள் கண்முன்னே மாற்றவேண்டும். அடைபட்ட வடிகட்டியால் உறிஞ்சு குறையும், அதைச் சரிக்கட்ட அழுத்திக் கூட்டுவார்கள். அடுத்த ஆளுக்குக் கண்டிப்போவது பெரும்பாலும் அப்படித்தான்.

முந்தின கிழமை

7 நாளுக்கு முன்பே முகத்தில் நூல் பிடிப்பது, வக்ஸ், பிளீச் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ரெட்டினோல், ட்ரெட்டினோயின், கிளைகோலிக் அசிட் உள்ளவற்றையும் 5 முதல் 7 நாள் முன்னரே விடவேண்டும். எலுமிச்சம்புளி தேய்க்கவே வேண்டாம்: அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுக்கும். ஆண்கள் காலமை சவரம் செய்துவிட்டு அன்றே வரவேண்டாம், முதல் நாள் செய்யலாம்.

நாளைத் தெரிவதில் வயலையும் காற்றையும் கணக்கில் எடுங்கள். அரிவு வெட்டும் சூடடிப்பும் நடக்கும் தை, மாசியில் வயலில் நிற்கும் ஒருவர் செய்துகொண்டால் தூசியும் வெயிலும் சேர்ந்து எல்லாவற்றையும் கெடுக்கும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களிலும் செம்மண் புழுதி முகத்தில்தான். மாரி மழைக்காலமே வசதி. அப்போதும் சன்ஸ்கிரீனை விடமுடியாது. நேரம் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு வையுங்கள். வீடு போகும்போது வெயில் இறங்கியிருக்கும். மோட்டார் சைக்கிளில் போவதென்றால் ஹெல்மட்டின் உள்ளே, கன்னத்தில் படும் இடத்துக்குக் கழுவிய பருத்தித் துணி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஊறிய வியர்வையோடு ஹெல்மட்டின் பஞ்சு உராய்வதால் மறுநாள் கன்னத்தில் வரிசையாகப் பரு வரும்.

நாற்காலியில் நடப்பது

முழு முகத்துக்கும் 30 முதல் 45 நிமிடம். கண் லென்ஸைக் கழற்றவேண்டும். மென்மையான முகக்கழுவியால் எண்ணெயும் மேக்கப்பும் போகக் கழுவி, முழுதாக உலர்த்துவார்கள். ஈரம் இருந்தால் டயமண்ட் முனை வழுக்கி ஓரிடத்தில் சுரண்டாது, இன்னோரிடத்தில் ஆழச் சுரண்டும். நீராவி பிடிப்பது தேவையில்லை. சிவக்கும் தோலுக்கு அது கேடு.

கண்ணுக்கு நனைத்த பஞ்சு. பிறகு உறிஞ்சின் அளவை ஆகக் குறைந்ததில் வைத்து, முன்கையின் உட்பக்கத்தில் ஓர் ஓட்டம் ஓட்டிப் பார்க்கவேண்டும். இலேசாகச் சிவந்து, 1 நிமிடத்தில் அடங்கினால் அந்த அளவிலேயே முகத்தில் தொடங்கலாம். புள்ளி புள்ளியாகச் சிவந்து நின்றால் அன்று வேண்டாம்.

ஓட்டும் கை எப்போதும் இரண்டு. ஒரு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் 3 சென்றிமீற்றர் அளவுத் தோலை இழுத்துப் பிடிக்க, மறுகை முனையைத் தட்டையாக வைத்து நேர்கோட்டில் நகர்த்தும். நெற்றியில் நடுவிலிருந்து ஓரத்துக்கு. மூக்கில் மேலிருந்து கீழ். கன்னத்தில் மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கம். நாடியில் நடுவிலிருந்து தாடைக்கு. முதற் சுற்று முடிந்தபின் இரண்டாம் சுற்றை முதலாவதற்குக் குறுக்காக ஓட்டினால் கோடு விழாது. முதல் தடவைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். மேலுதட்டில் குறைந்த உறிஞ்சில் ஒரு சுற்று. கண்குழி எலும்புக்கு உள்ளே, இமையில், உதட்டில் முனையே படக்கூடாது. முனையைத் தூக்கும்போது நேரே இழுக்காமல் சற்றுச் சரித்துக் காற்றை உள்ளே விட்டுத்தான் எடுக்கவேண்டும்.

உங்களுக்குத் தெரிவது, கடற்கரை மணல் ஒட்டிய விரலால் யாரோ தடவுவது போன்ற உணர்வு. கூடவே மெஷின் இரைச்சல். மூக்கோரத்தில் கண்ணீர் வரும், அது வழமை. எரிவோ குத்தலோ வழமை அல்ல. பொறுத்துக்கொள்வது இங்கே திறமையில்லை. ‘குறையுங்கோ அக்கா’ என்று உடனே சொல்லவேண்டும்.

முடிந்ததும் குளிர்ந்த சேலைன் நனைத்த துணியை 5 முதல் 10 நிமிடம் வைத்து, வாசனையில்லாத ஈரப்பூச்சும் சன்ஸ்கிரீனும் பூசி அனுப்புவார்கள். அதே இருப்பில் அசிட் பீல், பிளீச், நூல் எதையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் மறுக்கவும். மேற்படை போன தோலில் எந்த அசிட்டும் நினைத்ததைவிட ஆழமாக இறங்கும்.

பின்னர் வரும் நாட்கள்

அன்றிரவு சிவப்பும் இலேசான இறுக்கமும் இருக்கும். பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் அடங்கும். எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வன்மை. சவர்க்காரம் நுரைக்காது, கழுவினாலும் முகத்தில் படிவாக நிற்கும். முதல் 2 நாளைக்குக் கொதித்தாறிய தண்ணீரால் மட்டும் கழுவி, ஒற்றித் துடையுங்கள். தலைக்குத் தோயும் சம்பூ முகத்தில் வழியவிடாதீர்கள். மஞ்சள், சந்தனம், கற்றாழை எதுவும் 3 நாளைக்கு வேண்டாம். இயற்கையானது என்பதால் எரியாது என்றில்லை. ஒரு நாளைக்கு வியர்க்கும் வேலை, அடுப்படிப் புகை, கடற்குளிப்பு தவிர்க்கவேண்டும். ரெட்டினோல், அசிட் வகைகளுக்கு 5 நாள் ஓய்வு. உரியும் தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடம் கறுக்கும்.

சன்ஸ்கிரீன்தான் இதில் முக்கியமான மருந்து. SPF 30 அல்லது அதற்கு மேல், UVA காப்பும் இருக்கவேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் அரைத் தேக்கரண்டி. பொட்டளவு பூசுவது பூசாததற்குச் சமம். வெளியே நின்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மறுபடி. மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஒக்சைட்டு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் நிறத்தைக் கறுப்பிக்கும், வெறும் சன்ஸ்கிரீன் அதை மறிக்காது. வயலுக்கோ மீன்வாடிக்கோ போகிறவர் தொப்பியும் துணியும் சேர்த்துக்கொள்ளட்டும். 2 கிழமைக்கு இவ்வளவும் முடியாது என்று தெரிந்தால் சிகிச்சையைத் தள்ளிவைப்பதே இலாபம்.

பிழைத்தால்

செம்புள்ளிகள் கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாவிட்டால் அது தோலுக்குள் கசிந்த இரத்தம். உறிஞ்சு கூடியதாலோ முனை ஓரிடத்தில் நின்றதாலோ வரும். சுமார் ஒரு கிழமையில் போகும், கறுக்காமலிருக்க வெயில் படக்கூடாது. புலிவரிபோல் கோடு விழுந்தால் தோலை இழுத்துப் பிடிக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். மேலோட்டமென்றால் சில நாளில் மங்கும்.

அதிகம் கவலைப்படவேண்டியது 1, 2 கிழமை கழித்து மெல்லத் தோன்றும் மண்ணிறக் கறை. கறுத்த தோல் எந்த அழற்சிக்கும் நிறத்தைக் கொட்டித்தான் பதில் சொல்லும். அதைப் போக்க மறுபடி தேய்ப்பது, பெட்டியில்லாத கிறீம் வாங்குவது என்ற இரண்டும் கறையை மாதக்கணக்கில் நிலைக்கச் செய்யும். சன்ஸ்கிரீனோடு தோல் கிளினிக்குக்குப் போங்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல், 3 நாள் கடந்தும் கூடும் சிவப்பு, கண்ணில் உறுத்தல் என்பவற்றுக்கு நிலையத்துக்கு அல்ல, வைத்தியசாலைக்கு.

எத்தனை தடவை, கலியாணத்துக்கு எப்போது

பலன் தெரிய வழமையாக 5 முதல் 12 தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 முதல் 4 கிழமை என்பார்கள். கறுத்த நிறத்துக்கு 4 கிழமை இடைவெளியே பாதுகாப்பு. 3 தடவைக்குப் பிறகு ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் நாலாவதற்குக் காசு கட்டவேண்டாம். 10 தடவைக்கு முற்பணம் வாங்கும் ‘பக்கேஜ்’ யாருக்கு இலாபம் என்று சொல்லத் தேவையில்லை.

கலியாண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசித் தடவை குறைந்தது 10 நாள் முன், நூலும் வக்ஸும் அதற்கு ஒரு கிழமை பின். மூன்று தடவையை 4 கிழமை இடைவெளியில் வைத்தால் முதலாவது கலியாணத்துக்குப் பத்துக் கிழமைக்கு முன்பே நடந்திருக்கவேண்டும். கறை எதுவும் வந்தால் அது முதல் தடவைக்குப் பின்னேயே தெரிந்துவிடும், நிறுத்தவும் நேரமிருக்கும். வெளிநாட்டு மாப்பிள்ளை வந்து 3 கிழமையில் கலியாணம் என்றால் இந்த எண்ணத்தை விட்டுவிட்டு, வாசனையில்லாத ஈரப்பூச்சும் சன்ஸ்கிரீனும் நல்ல நித்திரையும் போதும். கலியாணக் கிழமையில் முதல் தடவை செய்துகொள்ள வந்த மணப்பெண்ணை, எவ்வளவு கெஞ்சினாலும், நல்ல நிலையம் ஏற்காது.